டிவி தானே வாசிக்குமா?

கேள்வி: சர்க்கரை நோயால் அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது. வீட்டில் ஆண்ட்ராய்டு டிவி. சேனல் மாற்றவும் எங்களைத்தான் கூப்பிடுகிறார். அவரே பார்க்க வழி உண்டா?
- வாசகி, மதுரை

பதில்: தாராளமாக உண்டு. எனக்கும் பார்வை கிடையாது; இப்படித்தான் தினமும் பார்க்கிறேன். செட்டிங்ஸில் ‘அக்சசிபிலிட்டி’க்குள் போய் ‘டாக்பேக்’கை ஆன் செய்யுங்கள். அம்புக்குறி பட்டனை அழுத்த அழுத்த, தேர்வாகியிருப்பதை டிவியே வாசிக்கும். அப்புறம், ஹோம் பட்டன் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துக் காயவிடுங்கள், விரலுக்குத் தட்டுப்படும்.

கேபிள் செட்டாப் பாக்ஸ்தான் தொல்லை. அதன் மெனு டிவிக்கு வெறும் படமாக வருகிறது, டாக்பேக்கால் வாசிக்க முடியாது. பெட்டியே பேச வேண்டும். அமெரிக்காவில் 2010-இல் வந்த சட்டத்தின் கீழ், பார்வையற்ற வாடிக்கையாளர் கேட்டால் பேசும் மெனுவுக்கு கேபிள் நிறுவனம் வழிசெய்ய வேண்டும். நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவும் நிகழ்ச்சிகளுக்கு ஒலி விவரணை (திரையில் நடப்பதைக் குரலில் சொல்வது), அன்றாட மின்னணுப் பொருள்கள் எல்லாருக்கும் ஏற்ற வடிவில் கிடைப்பது இரண்டையும் உறுதிசெய்யும் பொறுப்பை அரசுக்குத் தருகிறது. சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பேசும் பெட்டி வேண்டும் என்று எழுதுங்கள். அம்மாவையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், கேட்பது அவருடைய உரிமை.