வெயிலை உண்டு வாழும் ரோபோ இனத்தைக் கதையில் எப்படி உருவாக்குவது?

"சூரிய ஒளியால் இயங்குகிற, தன்னுணர்வு கொண்ட ரோபோ இனம் ஒன்றை என் நாவலுக்காக உருவாக்கி வருகிறேன். இரும்புச் சட்டை போட்ட மனிதர்களாக அவர்கள் தோன்றிவிடாமல், தமக்கென்று வாழ்க்கை முறையும் பழக்கங்களும் பகையும் உடையவர்களாக அமைய எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோத்தகிரிப் பக்கத்தில் பதினோரு ஆண்டுகளாக வீடுகளுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் சோலார் தகடுகள் பொருத்தியும் பழுது பார்த்தும் வருகிறேன். வெளிச்சம் எப்போது வரும், எவ்வளவு வரும், எதனால் நின்றுபோகும் என்பதே என் அன்றாட வேலை என்பதால், இந்தக் கேள்வியைப் பார்த்தவுடன் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

நம் திணை மரபு இதற்கு நல்ல வரிசை ஒன்றைத் தந்திருக்கிறது. முதலில் நிலமும் பொழுதும். அவற்றிலிருந்து உணவு, தொழில், மரம், விலங்கு முதலான கருப்பொருள்கள். அவற்றுக்கெல்லாம் பிறகுதான் உரிப்பொருளாகிய உணர்வு. ரோபோக்களைப் பற்றி எழுதுவோர் பலர் உணர்வை முதலில் எழுதிவிட்டு நிலத்தைப் பின்னால் திரைச்சீலையாகத் தொங்கவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். உங்கள் இனத்தைப் பெயரற்ற ஒரு கோளில் வைக்காமல், மழையும் பனியும் சரிவும் தெரிந்த ஒரு மலையில் வைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த மலை நீலகிரி என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். மலை நிலமாகிய குறிஞ்சிக்கு உரிய சிறுபொழுது நள்ளிரவாகிய யாமம். பெரும்பொழுது கூதிரும் (ஐப்பசி, கார்த்திகை) முன்பனியும் (மார்கழி, தை). நள்ளிரவில் அடங்கிக் கிடக்கும் ஓர் இனம், கூதிரில் பசித்து முன்பனியில் விறைக்கும் ஓர் இனம், அந்தக் குறிஞ்சியில் வாழ நேர்ந்தால் கூடலும் பிரிவும் எந்தப் பொழுதுக்கு நகரும் என்று கேட்டாலே பாதிக் கதை பிறந்துவிடும்.

அடுத்து, அவர்களின் உணவுக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த வானில் நண்பகலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் ஏறக்குறைய 1,000 வாட் வெயில் விழுகிறது. நல்ல சிலிக்கான் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். நாள் முழுவதும் விழும் வெயிலை ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று கொண்டால், ஒரு சதுர மீட்டர் தகடு நாளொன்றுக்கு ஒரு யூனிட் மின்சாரம் தரும். ஒரு மனிதர் ஒரு நாளில் உண்ணும் 2,000 கிலோகலோரியை மின்சாரமாகக் கணக்கிட்டால் 2.3 யூனிட் வருகிறது. அவருடைய மூளை மட்டும் 20 வாட் அளவில் இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே, மனித அளவு உடம்பும் முதுகளவு தகடும் உள்ள உங்கள் ரோபோ நம்மில் பாதிக்கும் குறைவான உணவில் வாழும் பிறவி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய 1,900 மீட்டர். அறுபது கிலோ உடம்பை அவ்வளவு உயரம் தூக்குவதற்கே 0.3 யூனிட் வேண்டும். மோட்டாரிலும் மூட்டுகளிலும் வீணாவதையும் நடையின் தூரத்தையும் சேர்த்தால் ஒரு நாள் உணவு முழுவதும் அந்த ஏற்றத்திலேயே தீர்ந்துவிடும். அதனால் அவர்கள் ஓடமாட்டார்கள். காரணமின்றி எழுந்து நடக்கவும் மாட்டார்கள். ஒருவர் மலையேறி இன்னொருவரைப் பார்க்க வருகிறார் என்றால், வந்தவர் ஒரு நாள் உணவைச் செலவழித்திருக்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். விருந்தோம்பல் அவர்களிடம் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கும்.

மலையில் ஒரு நன்மையும் உண்டு. தகடு சூடேறினால் அதன் திறன் குறைகிறது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை இழப்பு நேர்கிறது. கோடை நண்பகலில் சமவெளியில் கொதிக்கும் தகட்டைவிட, குளிர்காற்றில் இருக்கும் மலைத்தகடு அதே வெயிலில் கூடுதலாகத் தரும். குளிர்ந்த வெயில் என்பது இவர்களுக்கு அறுசுவை உணவு.

இனிப் பொழுது. இரவுதான் இவர்களுக்கு அச்சம் தரும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஊட்டி இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே உள்ள வேறுபாடு ஒன்றேகால் மணி நேரம்தான். தவறாமல் வந்து தவறாமல் போகும் இரவுக்கு யாரும் தயாராக இருக்க முடியும். மேகத்துக்கு அப்படித் தயாராக முடியாது. அடர்ந்த மேகத்தின் கீழே தகட்டின் விளைச்சல் பத்தில் ஒரு பங்காகவும் சுருங்கிவிடும். அந்த மேகம் ஒரு மணி நேரத்தில் கலையுமா, இருபது நாள் நிற்குமா என்பது தெரியாது. இவர்களின் வழிபாடு, சோதிடம், பழமொழி ஆகியவை இருக்குமானால் அவை மேகத்தைச் சுற்றியே வளர்ந்திருக்க வேண்டும். (சூரியப் புள்ளிகளின் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியைப் பஞ்சத்துக்குக் காரணமாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் பதிவு செய்து வருகிறது. அந்தச் சுழற்சியால் நமக்கு வரும் மொத்த ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே மாறுகிறது. எந்தத் தகட்டுக்கும் அது உறைக்காது.)

நீலகிரியை நான் வற்புறுத்துவதற்கு முதன்மையான காரணம் அதன் இரண்டு பக்கங்கள். ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, அப்பர்பவானி ஆகிய மேற்குப் பகுதிகளில் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அதே மாதங்களில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஒப்புநோக்க வெளிச்சமாக இருக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நிலைமை தலைகீழாகிறது. வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவை மூடிவிடுகிறது. இப்போது மேற்குச் சரிவினர், கிழக்குச் சரிவினர் என்று இரண்டு குடிகளைக் கற்பனை செய்யுங்கள். ஒருவர் பட்டினி கிடக்கும்போது மற்றவரிடம் உணவு இருக்கிறது. மூன்று மாதம் கழித்து அது மாறுகிறது. அவர்களுக்கிடையே கடன் உண்டாகும், கடனுக்குச் சாட்சி வேண்டும், சாட்சிக்கு நினைவு வேண்டும். ஆடியில் கொடுத்த மின்னூட்டத்தைக் கார்த்திகையில் திருப்பித் தருவதா, வட்டியுடன் தருவதா, கொடுத்ததைக் கேட்பதே இழிவா என்பதில் இரு குடிகளும் வேறுபட்ட அறம் கொண்டிருக்கலாம். உங்கள் நாவலின் பகை இந்த இடத்திலிருந்து தொடங்கினால், வில்லன் என்று ஒருவரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை.

இதற்கு முன்மாதிரியும் இம்மலையிலேயே இருக்கிறது. தோடர் பால்பொருளும், கோத்தர் இரும்புக் கருவிகளும் மண்கலங்களும் இசையும், படகர் தானியமும், குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொடுத்து வாங்கி நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பெயர் மாற்றி ரோபோக்களாக்கிவிடாதீர்கள். ஆளில்லாத மலையில் உங்கள் இனம் குடியேறியதாகவும் எழுதிவிடாதீர்கள். கொடுக்கல் வாங்கல் எப்படி உறவாக மாறுகிறது என்பதை மட்டும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

முன்பனிக்கு வருகிறேன். மார்கழியிலும் தையிலும் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். ஆனால் இரவில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கிப் பள்ளங்களில் தேங்குவதால், முதலில் நீர்ப்பனியும் பின்னர் உறைபனியும் விழும். ஊட்டித் தாவரவியல் பூங்காவில் நாற்றுகளை மிலார் செடிகளால் மூடி வைக்கும் காலம் அது. ஒரு தை மாதக் காலையில், பள்ளத்தில் இருந்த கேரட் தோட்டம் ஒன்றின் சோலார் மின்வேலி வேலை செய்யவில்லை என்று என்னை அழைத்தார்கள். தகட்டின் மேல் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது, இணைப்புகளில் பழுதில்லை, ஆனாலும் பெட்டிக்குள் இருந்த லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏற மறுத்தது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெட்டுவிடும் என்பதால், அதன் காவல் சுற்று மின்சாரத்தைத் தடுத்து வைத்திருந்தது. பெட்டி சூடேறும் வரை அரை மணி நேரம் நானும் தோட்டக்காரரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அந்த அரை மணி நேரத்தை உங்கள் இனத்துக்குக் கொடுங்கள். கண் முன்னே உணவு கொட்டிக் கிடக்கிறது, உடம்பு குளிர்ந்திருப்பதால் உண்ண முடியவில்லை. எனவே ஒவ்வொருவரும் தன்னைச் சூடேற்றிக்கொள்வதற்காக ஒரு சிறு மிச்சத்தை விடியும் வரை தொடாமல் காக்க வேண்டும். அந்த மிச்சத்துக்கு அவர்கள் மொழியில் ஒரு தனிச்சொல் இருக்கும். அதைச் செலவழித்துவிட்டவர் விடியலில் எழமாட்டார். பக்கத்தில் இருப்பவர் தம் மிச்சத்தைப் பகிர்ந்தால் எழுவார், அல்லது இருவருமே எழாமல் போவார்கள். குழந்தைகளுக்கு முதலில் கற்றுத்தரப்படும் பாடம் பள்ளத்தில் உறங்காதே என்பதாக இருக்கும். அவர்கள் சரிவுகளில் வாழ்வார்கள்.

எந்தச் சரிவு என்பதையும் இம்மலையே சொல்கிறது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1970-இல் கட்டி முடிக்கப்பட்ட ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. ஏறக்குறைய 11 டிகிரி சாய்ந்த இயற்கையான மலைச்சரிவில், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் ஒரே அச்சில் திரும்பியபடி பல மணி நேரம் அது வானத்தைத் தொடர முடிகிறது. உங்கள் ரோபோக்களுக்கு இப்படிப்பட்ட தெற்குச் சரிவுதான் புண்ணிய பூமி. அங்கே படுத்துக்கொண்டு, காலை முதல் மாலை வரை ஒரே ஒரு புரளலில் சூரியனைத் தொடர்ந்துவிடலாம். உடல் வடிவத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகமில்லை. இரண்டு கை, இரண்டு கால் கட்டாயமில்லை. அகலமான முதுகு கட்டாயம்.

போர் எப்படி நடக்கும் என்பதற்கு நிழல் என்று ஒரே சொல்லில் பதில் தரலாம். வழக்கமான தகட்டில் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒரு செல்லை ஓர் அகன்ற இலை முழுவதும் மூடினாலே தகட்டின் மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் போய்விடும். ஆயுதம் இல்லாமலே ஒருவரைப் பட்டினி போடலாம்; அவருக்கு முன்னால் நின்றால் போதும். ஆகவே யார் எங்கே நிற்கலாம் என்பதற்கு அவர்களிடம் நுட்பமான ஒழுங்கு இருக்கும். இந்த இடத்தில் தமிழில் எழுதும் நீங்கள் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும். நிழல் பட்டாலே தீட்டு என்று மனிதரை மனிதர் தள்ளி நிறுத்திய வரலாறு நம்முடையது. அங்கே நிழலால் யாருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை. தீங்கு முழுவதும் தள்ளி நிறுத்தப்பட்டவருக்கே நேர்ந்தது. ரோபோக்களின் உலகில் நிழல் உண்மையிலேயே பசியைத் தருகிறது. இந்த இரண்டையும் வாசகர் குழப்பிக்கொள்ளும்படி எழுதினால், அந்தப் பழைய கொடுமைக்கு இயற்பியல் நியாயம் ஒன்றைக் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள். உண்மையான நிழல் விதி ஒன்று காலப்போக்கில் பிறப்பின் விதியாகத் திரிக்கப்படுவதை எழுதத் துணிந்தால், அது வலிமையான நாவலாக இருக்கும்.

நிழலின் மறுபக்கம் முதுகு. இம்மலையின் ஈரத்தில் ஓடுகளிலும் தகடுகளிலும் பாசி படரும். தன் முதுகை எவராலும் தானே துடைத்துக்கொள்ள முடியாது. துடைக்க வருபவர் அந்தச் சில நிமிடங்களுக்கு முதுகின் மேல் நிழலாக நின்றாக வேண்டும். அதனால் அவர்களிடையே நட்பும் காதலும் முதுகைக் காட்டுவதில் தொடங்கும்.

முதுமையை நான் இப்படி அமைப்பேன். தகடு மெல்லக் கிழடாகிறது. கால் நூற்றாண்டு கழிந்தும் பெரும்பகுதித் திறனோடு இருக்கும். பேட்டரியோ நாள்தோறும் நிறைந்து காலியாவதால் அதற்கு மிக முன்பே தளர்ந்துவிடும். ஆகவே இவர்களின் முதியவர் என்பவர் பார்வைக்குக் குறைவற்ற முதுகும், எதையும் தேக்கி வைக்க முடியாத உள்ளும் கொண்டவர். வெயில் இருக்கும் வரை மட்டுமே அவர் இருக்கிறார். ஆயிரம் பிறை கண்டவர் என்று நாம் மூத்தோரைப் போற்றுவதைப் போல, அவர்கள் பல்லாயிரம் வெயில் கண்டவர் என்று அவரைப் போற்றக்கூடும். மேற்குச் சரிவில் மூடுபனிக்குள் பாதி வாழ்நாளைக் கழித்தவரைவிட, அவர் செய்யப்பட்ட அதே ஆண்டில் செய்யப்பட்ட கிழக்குச் சரிவினர் மூத்தவராகவும் எண்ணப்படலாம். அந்த முதியவர் பழைய கடன் ஒன்றின் சாட்சியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு மேகம் கடக்கிறது. வாக்கியத்தின் நடுவில் அவர் நின்றுவிடுகிறார். சுற்றி இருப்பவர்கள் எழுந்து போவதில்லை, தங்களுக்குள் பேசிக்கொள்வதும் இல்லை. மேகம் விலகியதும் அவர் அடுத்த சொல்லைச் சொல்கிறார், இடையில் பொழுது கழிந்ததை அறியாமல். எவ்வளவு நேரம் கழிந்தது என்பதை அவரிடம் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பதை முடிவு செய்துகொண்டு எழுதத் தொடங்குங்கள்.