கொத்துக்கறி தண்ணீர் விட்டால் சாஸைக் குறை சொல்லாதீர்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இது: வேலை முடிந்து வீடு சேரவே 7 மணி ஆகிவிடுகிறது. ஒரு பாக்கெட் பீஃப் கொத்துக்கறி வாங்கி, சோயா சாஸ் ஊற்றி, சீன, கொரியப் பாணியில் ஏதாவது செய்யப் பார்த்தால் கறி சாம்பல் நிறத்தில் வெந்து தண்ணீரில் நிற்கிறது, உப்பும் தூக்கிவிடுகிறது. 8 மணிக்குள் சாப்பிட உட்காருகிற மாதிரி ஏதாவது வழி உண்டா? உண்டு. மொத்தம் 30 நிமிடம், அதில் நீங்கள் சட்டியை விட்டு நகராமல் நிற்க வேண்டியது 12 நிமிடம்தான்.

சாஸை மாற்றிப் பயனில்லை, வரிசையை மாற்றுங்கள். வெங்காயத்தை வதக்கி, மேலே கறியைக் கொட்டி, மூடி போட்டு வேகவிடப் பழகிய கை இங்கேயும் அதையே செய்யும். குழம்பாக வேக வேண்டிய கறிக்கு அது சரி. இதற்குக் கறி முதலில், தனியாக, மூடி இல்லாமல், காய்ந்த சட்டியில் சிவக்க வேண்டும். ஈரமான எதுவும் அதற்குப் பிறகுதான் உள்ளே போகலாம்.

வாங்கும்போது பாக்கெட்டில் கொழுப்பின் அளவைப் பாருங்கள். அமெரிக்காவில் 80/20, 85/15 என்று இருக்கும். முதல் எண் கறி, அடுத்தது கொழுப்பு. பிரிட்டனில் கொழுப்பின் சதவீதம் மட்டும் போட்டிருப்பார்கள். கனடாவில் பெயரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்: எக்ஸ்ட்ரா லீன் என்றால் கொழுப்பு 10 சதவீதத்துக்கு மேல் போகாது, லீன் என்றால் 17, மீடியம் என்றால் 23. இந்தச் சமையலுக்கு 10 முதல் 15 சதவீதம் தோதானது. 5 சதவீதக் கறி சீக்கிரம் வறண்டு மணல் மாதிரி ஆகிவிடும். 20 சதவீதம் ருசிதான், ஆனால் 500 கிராமுக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி கொழுப்பு உருகி இறங்கும், அதை வடிக்க வேண்டிய வேலை கூடுதல். மேலே பளிச்சென்று சிவப்பாகவும் உள்ளே பழுப்பாகவும் இருந்தால் பழைய கறி என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். காற்றுப் படாத இடத்தில் கறியின் நிறம் அப்படித்தான் மாறும். பிசுபிசுப்பும் புளித்த வாடையும் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி அளவுகள், மூன்று பேருக்கு. கறி 500 கிராம். சாஸுக்கு: சாதாரண சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, பழுப்புச் சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, ரைஸ் வினிகர் 1 மேசைக்கரண்டி, சோளமாவு (கார்ன்ஸ்டார்ச்) ஒன்றரைத் தேக்கரண்டி, தண்ணீர் 4 மேசைக்கரண்டி, சில்லி ஃபிளேக்ஸ் அரைத் தேக்கரண்டி. இவற்றை ஒரு கிண்ணத்தில் கலக்கி வையுங்கள். தனியாகப் பூண்டு 4 பல் பொடியாக நறுக்கியது, துருவிய இஞ்சி 1 மேசைக்கரண்டி, வெங்காயத்தாள் 4. கடைசியில் சேர்க்க எள் எண்ணெய் 2 தேக்கரண்டி. மேசைக்கரண்டி என்று நான் சொல்வது 15 மி.லி. ஆஸ்திரேலியாவில் விற்கும் அளவுக் கரண்டி 20 மி.லி. பிடிக்கும், அங்கே இருப்பவர் 3 கரண்டி சோயா சாஸ் ஊற்றினால் அது 4 ஆகிவிடும், உப்பு தூக்குவதற்கு இதுவே போதும்.

உப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் 2 கிராமுக்கு மேலேயே உப்பு இருக்கிறது. கறிக்குத் தனியாக உப்பு போடவே கூடாது. லைட் சோயா என்று எழுதியிருப்பது நிறத்தில் லைட், உப்பில் அல்ல. உப்பு குறைந்தது வேண்டுமென்றால் லெஸ் சால்ட், ரெட்யூஸ்டு சோடியம் என்று தெளிவாக எழுதியதை எடுங்கள். டார்க் சோயா நிறத்துக்கு மட்டும், அரைத் தேக்கரண்டி போதும். அதையே 3 மேசைக்கரண்டி ஊற்றினால் கறி கரியாகும், கடைசியில் ஒரு கசப்பும் நிற்கும். ஆய்ஸ்டர் சாஸ் சேர்க்க ஆசை என்றால் 1 மேசைக்கரண்டி சேர்த்து, சோயாவில் அதே அளவைக் குறையுங்கள். கொரிய மிளகாய் விழுதான கோச்சுஜாங்குக்கும் இதே கணக்கு. அதில் ஏற்கெனவே இனிப்பு இருப்பதால் சர்க்கரையையும் பாதியாக்க வேண்டும். மிரின் என்ற இனிப்பான ஜப்பானிய அரிசி மதுவைக் கேட்கும் குறிப்புகள் நிறைய கண்ணில் படும். அசல் மிரினில் 14 சதவீதம் போல ஆல்கஹால் உண்டு. வேண்டாதவர்களுக்கு இந்த வினிகரும் சர்க்கரையுமே போதும்.

எள் எண்ணெய் என்றது வறுத்த எள்ளில் எடுத்தது, அடர் பழுப்பில் இருக்கும். நல்லெண்ணெய் அதற்கு மாற்றாகாது, அந்த வாசனை வராது. இந்த எள் எண்ணெயை வறுக்கவும் பயன்படுத்தாதீர்கள். சூட்டில் மணம் பறந்துவிடும், புகையும். வறுக்க சூரியகாந்தி, கனோலா, கடலை எண்ணெய் எதுவும் சரி.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை அரிசி. ஜாஸ்மின் அரிசி 300 கிராம், அதாவது ரைஸ் குக்கரோடு வரும் 180 மி.லி. கப்பில் 2. களைந்து வடித்து, அடுப்பில் வைப்பதானால் 450 மி.லி. தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் மூடி, மிகச் சிறிய தீயில் 12 நிமிடம். பிறகு அணைத்துவிட்டு மூடியைத் திறக்காமல் 10 நிமிடம். குறிப்புகளில் வரும் அமெரிக்க கப் 240 மி.லி.; குக்கர் கப்பையும் அதையும் கலந்தால் சோறு குழையும், இல்லாவிட்டால் விறைக்கும்.

அரிசி ஏறியதும் கறியைக் கிண்ணத்தில் உதிர்த்து, கால் தேக்கரண்டி பேக்கிங் சோடாவை 1 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துத் தெளித்து, லேசாகப் பிரட்டி 15 நிமிடம் விடுங்கள். பேக்கிங் பவுடர் அல்ல, சோடா. இது கறியின் புளிப்புத் தன்மையைக் குறைக்கிறது, அதனால் சூட்டில் சதை இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுவது குறையும், சிவப்பதும் வேகமாக நடக்கும். அளவு மீறினால் சோப்பு வாடை வரும். நேரமில்லை என்றால் இந்தப் படியை விட்டுவிடலாம், குடி முழுகிவிடாது. இந்த 15 நிமிடத்தில் சாஸைக் கலக்கி, பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள் நறுக்கி முடித்துவிடலாம்.

சட்டி 28 செ.மீ.க்குக் குறையாமல் அகலமாக இருக்கட்டும். 24 செ.மீ. சட்டிதான் இருக்கிறதென்றால் கறியை இரண்டு தடவையாகப் போடுங்கள். 500 கிராமையும் அதில் ஒன்றாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கிவிடும், வெளிவரும் நீர் ஆவியாகப் போக இடமிருக்காது, கறி தன் தண்ணீரிலேயே வேகும். நீங்கள் பார்த்த சாம்பல் நிறம் அதுதான். இரும்பு, எஃகுச் சட்டியை நன்றாகக் காயவிட்டு 1 தேக்கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். நான்ஸ்டிக் என்றால் வெறும் சட்டியைக் காயவிடாமல் எண்ணெயோடு சேர்த்தே நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில் சூடாக்குங்கள். கறியை ஒரு விரல் கனத்துக்கு அப்பிப் பரப்பி, 3 நிமிடம் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். இதுதான் பலருக்கும் முடியாத காரியம்.

காதைக் கொடுங்கள். முதலில் சொதசொதவென்று கொதிக்கும் சத்தம் வரும், அது நீர். நீர் வற்றியதும் சத்தம் கூர்மையாகிப் பொரியும் ஓசையாக மாறும், ஓரத்தில் பழுப்பு தெரியும். அப்போது பெரிய துண்டுகளாகத் திருப்பிப் போட்டு இன்னும் 2 நிமிடம், பிறகு உதிர்த்து மேலும் 2 நிமிடம். முதலிலேயே பொடிப்பொடியாக உதிர்த்தால் எல்லாப் பக்கமும் நீர் விடும், எந்தப் பக்கமும் சிவக்காது. நிறத்தை மட்டும் நம்பி வெந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். அரைத்த கறியில் மேற்புறத்துக் கிருமி உள்ளே வரைக்கும் கலந்திருக்கும், அதனால் 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். உதிர்த்து ஆவி பறக்க வறுத்தால் அது தானாக வந்துவிடும். பெரிய கட்டிகளை மட்டும் உடைத்துப் பாருங்கள்.

உருகிய கொழுப்பு நிறைய நின்றால் சட்டியைச் சாய்த்து, டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுத்து, 1 மேசைக்கரண்டி மட்டும் விடுங்கள். சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். வாடகை வீட்டில் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம்.

இப்போது நடுவில் இடம் ஒதுக்கிப் பூண்டும் இஞ்சியும், 40 நொடி. கறியோடு ஆரம்பத்திலேயே போட்டால் கருகிக் கசக்கும். அடுத்து சாஸ். ஊற்றுவதற்கு முன் இன்னொரு தடவை கலக்குங்கள். சோளமாவு அடியில் படிந்திருக்கும், அப்படியே ஊற்றினால் முதலில் தண்ணீரும் பிறகு ஒரு பசைக் கட்டியும் விழும். கொதித்து 1 நிமிடத்தில் பளபளப்பாகிக் கறியைப் பிடித்துக்கொள்ளும். அதோடு நிறுத்துங்கள். எலக்ட்ரிக் அடுப்பில் சுவிட்சை அணைத்த பிறகும் தட்டு சுடும், சர்க்கரை அடிப்பிடிக்கும். சட்டியையே நகர்த்தி வைக்க வேண்டும். எள் எண்ணெயும் வெங்காயத்தாளும் அதன் பிறகு.

காய்கறி வேண்டுமே என்றால் ஃபிரீசரில் இருக்கும் பீன்ஸ், பட்டாணி, பிராக்கோலி 250 கிராமை 2 மேசைக்கரண்டி தண்ணீரோடு மைக்ரோவேவில் 3, 4 நிமிடம் வேகவைத்து, வடித்து, சாஸ் கெட்டியான பிறகு சேர்க்கலாம். உறைந்ததை நேராகச் சட்டியில் போட்டால் சாஸ் நீர்த்துவிடும். முட்டைக்கோஸ் என்றால் மெல்லியதாக நறுக்கி, கறி சிவந்த பின், பூண்டுக்கு முன் 2 நிமிடம். கேரட்டைத் துருவிப் பச்சையாகவே தட்டில் வைத்துவிடுவேன் என்றாலும் சரிதான்.

புகை எச்சரிக்கைக் கருவி கத்துவது புதிதாக வந்த எல்லோருக்கும் ஒரு பயம். அடுப்புக்கு மேலுள்ள விசிறி வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது வகை என்றால் சட்டி காய்வதற்கு முன்பே ஜன்னலைத் திறந்து, படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள். கருவியைக் கழற்றி வைக்க வேண்டாம். பல வாடகை ஒப்பந்தங்களில் அதற்கு இடமில்லை, ஆபத்தும்கூட.

பீஃப் வேண்டாதவர்கள் வான்கோழி அல்லது கோழிக் கொத்துக்கறியில் இதையே செய்யலாம். எண்ணெய் 1 மேசைக்கரண்டி ஆகட்டும், வேக வேண்டியது 74 டிகிரி.

மீந்த சோற்றை வெளியே விட்டுவைக்காதீர்கள். கொதித்தும் சாகாத கிருமி வித்து அதில் உண்டு, வெதுவெதுப்பில் பெருகி விஷம் சுரக்கும், அப்புறம் சூடுபடுத்தினாலும் அந்த விஷம் போகாது. தட்டில் பரப்பி ஆற்றி, 1 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் மதியத்துக்கு முடித்துவிடுங்கள். கறி 3 நாள் தாங்கும். பச்சைக் கறி ஃபிரிட்ஜில் 2 நாளுக்கு மேல் வேண்டாம். பெரிய பாக்கெட் வாங்கினால் அன்றே 500 கிராமாகப் பிரித்து, ஜிப் பையில் ஒன்றரை செ.மீ. தட்டையாக அழுத்தி உறைய வையுங்கள். அப்படி வைத்தது குளிர்ந்த தண்ணீரில் அரை மணியில் இளகும், உருண்டையாக வைத்தது இளக அதைவிட அதிக நேரம் எடுக்கும். பையின் மேல் தேதியும் எடையும் எழுதிவிடுங்கள். உறைந்த பிறகு பீஃபும் வான்கோழியும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான்.