ஹாரனுக்குத் தடை கிடைக்காது, வேறு கேளுங்கள்

குன்னூர் லெவல் கிராசிங் பக்கம் வீடு, ஹாரன் சத்தத்தில் கைக்குழந்தை அலறி எழுகிறது, தெருவே சேர்ந்து தடை கேட்டு மனு கொடுக்கப் போகிறது என்கிறீர்கள். தடையெல்லாம் நடக்காதுங்க. கேட்டுக்கு முன்னால் 'டபிள்யூ/எல்' எழுதிய மஞ்சள் பலகை இருக்கும். அங்கே ஓட்டுநர் ஹாரன் அடித்தே ஆக வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரைக்கான ஒலிக் கட்டுப்பாடும் உதவாது, மலை ரயில் ஓடுவது பகலில்தானே.

ஆனால் குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசலை மாட்டுகிறார்கள். இப்படி எஞ்சின் மாற்றும் ஷண்டிங் வேலை முடிந்தும் டீசல் சும்மா உறுமிக்கொண்டு நின்றால், அதைக் குறைக்கச் சொல்லலாம். எது கேட் ஹாரன், எது ஷண்டிங் சத்தம் என்று ஒரு வாரம் நேரத்தோடு குறித்து, சேலம் ரயில்வே கோட்ட மேலாளர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நீராவி விசிலை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்கு எதிராகப் பாதித் தெரு கையெழுத்தே போடாது!