பயோனெட்டில் இருப்பது எந்த வருஷம்? சில கேள்விகள், என் பதில்கள்

பரணிலும் பழைய இரும்புக் கடையிலும் வெளிநாட்டுச் சந்தையிலும் கிடைத்த பயோனெட்டுகளை, அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்திகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பழைய பட்டாளத்துக்காரர்கள் 'சங்கீன்' என்பார்களே, அதேதான். முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே விஷயம், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: தாத்தா பட்டாளத்தில் இருந்தவர். அவர் டிரங்குப் பெட்டியில் நீளமான பயோனெட் ஒன்று. பிளேடில் கிரீடம், ஜி.ஆர்., 1907 என்று இருக்கிறது. தாத்தா பிறந்ததே 1920இல். அப்படியென்றால் இது யாருடையது?

தாத்தாவைச் சந்தேகப்படாதீர்கள். 1907 என்பது செய்த வருஷம் இல்லை, அந்த மாதிரியின் பெயர். நம் ஊர்ப் போலீஸ்காரர் தோளில் ரொம்ப காலம் தொங்கிய த்ரீ நாட் த்ரீ இருக்கிறதே, அந்த லீ என்ஃபீல்டுக்கான பயோனெட் இது. பிளேடு மட்டும் 17 அங்குலம். ஆதாரம் கிரீடத்துக்குக் கீழேயே இருக்கிறது பாருங்கள்: ஜி.ஆர். என்றால் ஜார்ஜ் மன்னர், அவர் பட்டத்துக்கு வந்ததே 1910இல். 1907இல் எட்வர்ட் ஆண்டுகொண்டிருந்தார், அப்போது அடித்திருந்தால் ஈ.ஆர். என்று இருக்கும்.

உண்மையான தேதி 1907க்குக் கீழே, பொடி எண்களில் இருக்கும். '5 17' என்றால் 1917 மே. அதை ஒட்டியே செய்தவர் பெயர் இருக்கும்: வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன், இப்படி. எண்கள் தேய்ந்திருந்தால் லைட்டைப் போட்டுவிட்டு நேராகப் பார்க்காதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பிளேடோடு படுக்கவைத்த மாதிரி சாய்த்து அடியுங்கள், எழுத்து எழுந்து நிற்கும். அப்புறம் பிளேடைத் திருப்புங்கள். பெருக்கல் குறி இருந்தால் வளைத்துப் பார்க்கும் சோதனையில் தேறியது என்று அர்த்தம், கீறல் இல்லை. அகலமான அம்பு முனை அரசாங்கச் சொத்து என்பதற்கான குறி. அம்புக்குக் கீழே ஆங்கில 'ஐ' எழுத்து இருந்தால் அது இந்திய ராணுவத்தினுடையது. உங்கள் தாத்தா விஷயத்தில் நான் முதலில் தேடுவது அந்த 'ஐ'யைத்தான்.

இன்னொன்று. ஆரம்ப கால 1907களில், பிடிக்கும் பிளேடுக்கும் நடுவில் இருக்கும் குறுக்குச் சட்டத்தின் கீழ் முனை கொக்கி மாதிரி வளைந்திருக்கும். 1913இல் கொக்கி வேண்டாமென்று நிறுத்தினார்கள், கைவசம் இருந்தவற்றிலும் பெரும்பாலும் வெட்டிவிட்டார்கள். அதனால் கொக்கியோடு இருப்பதற்கு விலை அதிகம், அதனாலேயே கொக்கியை வெல்டிங் வைத்து விற்பவர்களும் உண்டு. தேதி 1917, கொக்கியும் இருக்கிறது என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடையதும் இதே மாதிரிதான், ஆனால் பிளேடு 12 அங்குலம்தான். ஆர்.எஃப்.ஐ. என்று இருக்கிறது. யாரோ உடைத்துவிட்டுத் தீட்டினார்களா?

உடைக்கவில்லை, குட்டையாக்கினார்கள். ஆர்.எஃப்.ஐ. என்பது வங்காளத்தில் இருக்கும் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 17 அங்குலம் தேவையில்லை என்று முடிவெடுத்து, பழைய நீள பிளேடுகளை வெட்டினார்கள், புதிதாகக் குட்டையாகவும் செய்தார்கள். பிளேடின் பக்கவாட்டுப் பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டே போங்கள். பள்ளம் கிட்டத்தட்ட முனைவரை ஓடினால் அது வெட்டிக் குறைத்தது. பள்ளமே இல்லையென்றால் குட்டையாகவே பிறந்தது.

கேள்வி: அந்தப் பள்ளம் ரத்தம் வடிவதற்குத்தானே?

இல்லை. எடை குறைய, அதே சமயம் விறைப்பு போகாமல் இருக்க. அவ்வளவுதான்.

கேள்வி: 1907 என்று சொல்லி ஒருவர் விற்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் 1913 என்று இருக்கிறது, மரப்பிடியில் குறுக்கே இரண்டு வெட்டு வேறு. ஏமாந்துவிட்டேனா?

விற்றவருக்கே தெரிந்திருக்காது. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றின் துப்பாக்கியில் மற்றது மாட்டாது, துப்பாக்கிக் குழாயில் மாட்டும் வளையம் இருக்கும் உயரம் வேறு. அவசரத்தில் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இரண்டு வெட்டு. பிரிட்டனுக்காக அமெரிக்காவில் ரெமிங்டனும் வின்செஸ்டரும் செய்தவை. அப்புறம் அமெரிக்காவே போரில் இறங்கியதும் அதே பயோனெட்டை 1917 என்ற பெயரில் தனக்கும் செய்துகொண்டது. மறுபடியும் சொல்கிறேன், 1913ம் மாதிரியின் பெயர்தான்.

கேள்வி: பாரிஸில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தெருச் சந்தையில் பித்தளைக் குமிழும் மரப்பிடியும் உள்ள ஒன்றை வாங்கினேன். பிளேடின் முதுகில் கையெழுத்து மாதிரி ஏதோ பொறித்திருக்கிறது, கடைசியில் 7, பக்கத்தில் பி-ஆர்-ஈ, பிறகு 1878. ஜூலை மாதமா?

கிரா என்ற பிரெஞ்சுத் துப்பாக்கியின் பயோனெட், 1874 மாதிரி. முனையை உங்கள் பக்கம் திருப்பிப் பாருங்கள், பிளேடு 'டி' எழுத்து போல இருக்கும். இதில் மட்டும் நீங்கள் வருஷத்தை நம்பலாம், 1878இல் செய்ததேதான். மாதம்தான் தப்பு. பிரெஞ்சில் ஏழு 'செத்', அதோடு 'ப்ர்' சேர்த்தால் செப்தாம்ப்ர், அதாவது செப்டம்பர். அதே கணக்கில் 8 போட்டால் அக்டோபர், 9 போட்டால் நவம்பர், ரோம எண் பத்து போட்டால் டிசம்பர். எழுத்தின் ஆரம்பத்தில் எந்த ஆயுதசாலை என்றும் இருக்கும், செயின்ட் எத்தியேன்தான் அதிகம் கண்ணில் படும். குறுக்குச் சட்டத்தில் இருக்கும் எண்ணும் இரும்பு உறையில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர்.

கேள்வி: துருவை எடுக்க உப்புத்தாள் போடலாமா?

கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் எனக்குக் கிடைத்ததும் இதே கிராதான். குத்துவிளக்கு தேய்ப்பது போல பித்தளைக் குமிழைப் புளி போட்டுத் தேய்த்தேன், அந்த வேகத்திலேயே பிளேடுக்கு உப்புத்தாள். கண்ணாடி மாதிரி பளபளத்தது, வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். முதுகில் 'செயின்ட்' வரைக்கும்தான் மிச்சம், மாதமும் வருஷமும் தாளோடு போய்விட்டன. மெஷின் எண்ணெயைத் தடவி இரண்டு நாள் ஊறவிட்டு, பழைய பனியன் துணியால் துடையுங்கள், கறுப்பு நிறம் இருந்தால் இருக்கட்டும். தோல் உறை என்றால் பிளேடை உள்ளே போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரம் பிடிக்கும்.

கேள்வி: இதை வீட்டில் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டுமா?

நான் வக்கீல் இல்லை. ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான வாள், ஈட்டி, கத்தியோடு பயோனெட்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். உங்கள் பகுதிக்கு என்ன நடைமுறை என்பதை மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 100 வருஷம் தாண்டியது என்றால் தொல்பொருள் சட்டமும் வரும், வெளிநாட்டு நண்பருக்குப் பார்சல் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 8 அங்குலத்தில் ஒரு கம்பி, ஸ்க்ரூடிரைவர் மாதிரி, வெட்டும் விளிம்பே இல்லை. பயோனெட் என்று கொடுத்தார்கள். உண்மையா?

உண்மை. லீ என்ஃபீல்டு நான்காம் எண் துப்பாக்கிக்கு, இரண்டாம் உலகப் போரில் சீக்கிரமும் மலிவுமாகச் செய்தது. பார்க்க ஒன்றுமில்லாதது போலிருக்கும், ஆனால் முனைப்பகுதியை நன்றாகப் பாருங்கள். உருண்டைக் கம்பி என்றால் சாதாரணமானது, நிறையக் கிடைக்கும். கூட்டல் குறி போல நான்கு பக்கமும் பள்ளம் எடுத்திருந்தால் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஆலையில் சிங்கர் கம்பெனி செய்தது. ஆமாம், பாட்டி வீட்டுத் தையல் மெஷின் சிங்கர்தான். அப்படி இருந்தால் எண்ணெய்கூடப் போடாமல் முதலில் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.