மண்டலக் கால்நடை மருத்துவர் சங்கம் என்ன செய்கிறது: உறுப்பினர் ஒருவரின் கேள்வி பதில்

கொங்குப் பகுதியில் இயங்கும் மண்டலக் கால்நடை மருத்துவர் சங்கம் ஒன்றில் பயிற்சிப் பிரிவின் பொறுப்பை வகித்து வருகிறேன். சங்கத்தின் பணிகள், அதன் எல்லைகள், அது எடுக்கும் நிலைப்பாடுகள் ஆகியவை குறித்து நீங்கள் கேட்பவற்றுக்கு விடையளிக்கிறேன். நேரில் பார்க்காத விலங்குக்கு மருந்தின் அளவை மட்டும் சொல்ல மாட்டேன். அதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

கேள்வி (பல்லடம், கறவை மாடு வளர்ப்பவர்): மருத்துவர் ஒருவரின் கவனக்குறைவால் என் மாடு இறந்தது என்று நினைக்கிறேன். உங்கள் சங்கத்தில் புகார் கொடுத்தால் அவருடைய பதிவை ரத்து செய்வீர்களா ஐயா?

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் ஐயா. பதிவை ரத்து செய்யும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. சங்கம் என்பது மருத்துவர்கள் தாமாக விரும்பிச் சேரும் அமைப்பு. பதிவேட்டை வைத்திருப்பதும் தொழில் ஒழுக்கம் மீறப்பட்டதா என்று விசாரிப்பதும், 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் கீழ் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவக் கவுன்சிலின் வேலை. எனவே அங்கே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மாட்டின் காதுவில்லை எண், மருத்துவர் வந்த நாளும் நேரமும், கொடுக்கப்பட்ட மருந்துகளின் பெயர்கள் ஆகிய மூன்றும் புகாரில் இருக்க வேண்டும். மருந்தின் பெயர் உங்களிடம் இல்லையென்றால் புகார் வலுவிழந்துவிடும். யார் ஊசி போட்டாலும் மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று எங்கள் முகாம்கள் எல்லாவற்றிலும் வலியுறுத்துகிறோம்.

கேள்வி (நாமக்கல், இறுதியாண்டு மாணவி): படிப்பை முடித்ததும் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். ஊதியம், பதவி உயர்வு ஆகியவற்றுக்காக மனு கொடுப்பதைத் தவிர அங்கே வேறு என்ன நடக்கிறது சார்?

பதில்: மனு கொடுப்பதும் தேவையான வேலைதான் அம்மா, காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாவிட்டால் ஒரே மருத்துவர் இரண்டு மூன்று மருந்தகங்களைச் சேர்த்துப் பார்க்க நேர்கிறது. ஆனால் நான் சங்கத்தில் நீடிப்பதற்குக் காரணம் வேறு. கல்லூரியில் உங்களைச் சுற்றிப் பேராசிரியர்களும் ஆய்வுக்கூடமும் இருக்கின்றன. கிராமத்து மருந்தகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, கன்றின் தலை பின்னோக்கி மடங்கிய நிலையில் ஈன முடியாமல் தவிக்கும் பசுவின் முன்னால் நீங்கள் தனியாக நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் கைப்பேசியில் அழைத்தால், "கன்று உயிரோடு இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள், இழுக்காதீர்கள், பின்னுக்குத் தள்ளித் தலையைத் திருப்புங்கள்" என்று சொல்லக்கூடிய மூத்தவர் ஒருவர் உங்களுக்கு அறிமுகமாகியிருக்க வேண்டும். அந்த அறிமுகத்தைச் சங்கம்தான் ஏற்படுத்துகிறது.

எங்கள் தொழில்நுட்பக் கூட்டங்களில் பிழைத்த மாட்டைப் பற்றிப் பேசுவதைவிட இறந்த மாட்டைப் பற்றிப் பேசுவதற்கே அதிக நேரம் ஒதுக்குகிறோம். எந்த அறிகுறியைப் பார்த்தோம், எதைப் பார்க்கத் தவறினோம், பிரேத பரிசோதனையில் என்ன தெரிந்தது என்பவற்றை இளையவர்கள் முன்னால் மூத்தவர்கள் திறந்து பேசுகிறார்கள். அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

உங்கள் உடல்நலம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் சேர்வதற்கு முன்பே வெறிநாய்க்கடி நோய்க்கான முன்தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதில் போடும் கருச்சிதைவு நோய் (புரூசெல்லோசிஸ்) தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. அது கையில் குத்திவிட்டால் உங்களுக்கே நோய் வரக்கூடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தக் குப்பியைத் தொடாதீர்கள். இவற்றை எல்லா மருந்தகங்களுக்கும் தடையின்றி வழங்க வேண்டும் என்பது எங்கள் மனுக்களில் முதல் வரிசையில் இருக்கும் கோரிக்கை.

கேள்வி (ஈரோடு): எங்கள் நாய் நொண்டுகிறது. வலி மாத்திரை எத்தனை மில்லிகிராம் கொடுக்கலாம்?

பதில்: அருகிலுள்ள மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரைகள் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கேள்வி (கோத்தகிரி, பறவை ஆர்வலர்): கால்நடை மருத்துவர் சங்கம் பாறு கழுகுகளைப் பற்றிக் கூட்டம் நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். கழுகுக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. மாட்டுக்கு நாங்கள் போடும் ஊசிதான் கழுகின் உயிரைத் தீர்மானிக்கிறது. வலியையும் வீக்கத்தையும் தணிக்க டைக்ளோஃபெனாக் போடப்பட்ட மாடு ஓரிரு நாளில் இறந்து, அந்த உடலைப் பாறு கழுகுகள் தின்றால், அவற்றின் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளைப் படிவமாக உறைந்து, பறவை சில நாளில் இறந்துவிடுகிறது. கூட்டமாக வந்து உண்ணும் பறவை என்பதால் ஒரே சடலம் பல கழுகுகளைக் கொன்றுவிடும். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1990களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 15 ஆண்டுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. காரணம் இந்த மருந்துதான் என்பது பாகிஸ்தானில் நடந்த ஆய்வின் வழியாக 2004இல் உலகுக்குத் தெரிந்தது.

கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. அதன் பிறகும் மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் பயன்படுத்தப்பட்டதால், 2015இல் அந்த ஊசி மருந்தை 3 மில்லி கொண்ட ஒருவேளைக் குப்பியாக மட்டுமே விற்க வேண்டும் என்று ஆணை வந்தது. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசிக்ளோஃபெனாக்கும், கழுகுகளுக்கு நஞ்சாகும் கீட்டோபுரோஃபெனும் 2023இல் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தடை செய்யப்பட்டன.

தடை ஆணை தாளில் இருந்தால் போதாது. முதுமலை, மாயாற்றுப் பள்ளத்தாக்கு, சத்தியமங்கலம் ஆகிய பகுதிகளில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகள், சுற்றியுள்ள ஊர்களின் கட்டுத்தரைகளில் எந்த ஊசி போடப்படுகிறது என்பதைப் பொறுத்தே வாழ முடியும். ஆகவே வலிக்கு மெலாக்சிகாமையோ டால்ஃபெனமிக் அமிலத்தையோ பயன்படுத்துங்கள் என்று மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் தொடர்ந்து எடுத்துச் சொல்கிறோம். இந்த இரண்டும் கழுகுகளுக்குப் பாதுகாப்பானவை என்று சோதித்து அறியப்பட்டவை. சங்கம் செய்யும் வேலைகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். எங்கள் கையால் நேர்ந்த அழிவை எங்கள் கையாலேயே நிறுத்த முடியும்.

கேள்வி (தாராபுரம், ஆட்டுப் பண்ணையாளர்): காப்பீட்டுத் தொகை பெறுவதற்குப் பிரேத பரிசோதனைச் சான்று கேட்கிறார்கள். திடீரென்று இறந்த ஆட்டை அறுத்துப் பார்க்க மருத்துவர் மறுத்துவிட்டார். இது நியாயமா?

பதில்: அந்த ஆட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வடிந்திருந்தால் அவர் செய்தது சரி. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் அறிகுறி. அந்த உடலை அறுத்தால் கிருமி காற்றுபட்டு வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும், அறுத்தவரையும் தாக்கும். அத்தகைய சூழலில் காது நரம்பிலிருந்து எடுத்த இரத்தப் பூச்சை ஆய்வுக்கு அனுப்பி, அதன் முடிவைக்கொண்டே சான்று தர முடியும். உடலை ஆழமான குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். தோலை உரிக்கக் கூடாது. இறைச்சியைப் பங்கிடவும் கூடாது. அடைப்பான் போன்ற, சட்டத்தின் அட்டவணையில் உள்ள நோய் இருப்பதாக ஐயம் எழுந்தால் அதைத் தெரிவிக்க வேண்டிய கடமை உரிமையாளருக்கும் உண்டு என்று 2009ஆம் ஆண்டின் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. அத்தகைய அறிகுறி எதுவும் இல்லாமல் அவர் மறுத்திருந்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): பூனைக்குக் காய்ச்சல். பாரசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குப் போதிய அளவில் இல்லை. கால் மாத்திரையே உயிரைப் பறிக்கக்கூடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி (காங்கேயம், சினை ஊசி போடுபவர்): முறையாகப் பயிற்சி பெற்றுப் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். இரவு 11 மணிக்குக் கூப்பிட்டாலும் போகிறேன். உங்கள் சங்கமோ எங்களைப் போலி என்று சுவரொட்டி ஒட்டுகிறது. மாட்டுக்காரர் கூப்பிடும்போது நீங்கள் வருவதில்லை, வருகிறவர்களையும் தடுக்கிறீர்கள். இது எந்த வகையில் சரி சார்?

பதில்: உங்கள் கோபத்தில் உள்ள நியாயத்தை முதலில் ஏற்றுக்கொள்கிறேன். பயிற்சி பெற்றுச் சினை ஊசி போடும் ஒருவரைப் போலி என்று அழைப்பது தவறு. அந்தச் சொல்லைச் சுவரொட்டிகளிலிருந்து நீக்க வேண்டும் என்று செயற்குழுவில் நான் பேசியிருக்கிறேன், இன்னமும் பேசுவேன். ஆனால் உங்கள் பயிற்சி எந்த வேலைக்கோ, அந்த வேலையோடு நிற்க வேண்டும் என்பதில் என் நிலைப்பாடு உறுதியானது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே கால்நடை மருத்துவம் பார்க்கலாம் என்கிறது. தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்கு மருந்து கட்டுதல் போன்ற முதல்நிலை உதவிகளை, அதற்குரிய சான்று பெற்ற பணியாளர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் செய்வதற்கு மாநில அரசு அனுமதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இந்தக் கோடு எங்கள் வருமானத்தைக் காப்பதற்காகப் போட்டதில்லை. கன்று ஈன்ற பசு எழ முடியாமல், உடல் குளிர்ந்து, தலையை விலாப்பக்கம் திருப்பிப் படுத்திருக்கும்போது சுண்ணாம்புச் சத்து மருந்தை நரம்பில் ஏற்றினால் சிறிது நேரத்தில் எழுந்து நிற்கும். அதே மருந்தை விரைவாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். மெதுவாக, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும். அந்த ஓசையில் ஏற்படும் மாற்றத்தை அறிந்து நிறுத்துவதற்குத்தான் படிப்பு தேவைப்படுகிறது.

குறுக்கீடு (அவிநாசி, இரண்டு மாடு வைத்திருக்கும் பெண்): நீங்கள் இரண்டு பேரும் சட்டம் பேசுகிறீர்கள். இரவில் மாடு படுத்துக்கொண்டால் எனக்கு யார் வந்தாலும் சரிதான். மாடு போனால் என் வீட்டு வரும்படியே போய்விடும் சார்.

பதில்: நீங்கள் சொல்வதுதான் இந்த விவாதத்தின் மையம் அம்மா. மருத்துவர் வர முடியாத ஊரில் சட்டத்தை மட்டும் காட்டுவது உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது. 1962 என்ற எண்ணை அழைத்தால் அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். ஆனாலும் இரவு நேரத் தேவை முழுவதையும் அது நிறைவு செய்துவிடாது. எனவே ஒன்றியம்தோறும் இரவுப் பணி முறைப்பட்டியல் வேண்டும், அதற்குரிய படியும் வாகனமும் வேண்டும் என்று கோருகிறோம். அதுவரை, வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் போட்ட மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள். மறுநாள் வரும் மருத்துவர் அதே மருந்தை மீண்டும் போட்டுவிடாமல் இருக்க அந்தத் துண்டுச் சீட்டு ஒன்றே வழி. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்டிருந்தால், எத்தனை நாள் பாலை விற்பனைக்கு ஊற்றக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

குறுக்கீடு (சக மருத்துவர்): நீங்கள் மிகவும் இணங்கிப் போகிறீர்கள். தகுதியற்றவர்கள் மீது வழக்குத் தொடுப்பதே சங்கத்தின் கடமை. நஞ்சுக்கொடியை வலிந்து இழுத்துக் கருப்பையைக் கிழித்துவிட்ட மாடுகளை நாம்தானே கடைசியில் பார்க்கிறோம்?

பதில்: பார்க்கிறோம் நண்பரே, அந்த வேதனை எனக்கும் உண்டு. மருத்துவர் என்று பெயர்ப்பலகை வைத்து ஏமாற்றுபவர் மீது வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் பயிற்சி பெற்ற பணியாளரையும் அந்த வரிசையிலேயே நிறுத்தினால், அவர் தன்னால் முடியாத மாட்டைப் பற்றி நமக்குத் தகவல் சொல்ல மாட்டார். பயந்துகொண்டு மறைப்பார், மாடும் தாமதமாகவே நம்மிடம் வந்து சேரும். நஞ்சுக்கொடியை இழுக்கக் கூடாது என்று அவருக்குக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு, வழக்கைவிட அதிக மாடுகளைக் காப்பாற்றும் என்பதே என் கருத்து.

கேள்வி (கரூர்): என் மகள் கால்நடை மருத்துவம் படிக்க விரும்புகிறாள். சேர்க்கை எப்போது?

பதில்: தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிப்பைப் பாருங்கள். சங்கத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருவதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி (திருப்பூர்): கன்றுக்குக் கழிச்சல். போன மாதம் மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தில் பாதி மிச்சம் இருக்கிறது. எத்தனை மில்லி போடலாம்?

பதில்: மருந்தின் அளவைச் சொல்ல மாட்டேன் என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறேன், இதற்கு முன்பும் இரண்டு பேர் இதையே கேட்டுவிட்டார்கள். மிச்சம் வைத்த மருந்தைப் போடாதீர்கள். கழிச்சலில் கன்று நீரிழந்து சாகும். முதல் தேவை உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், அடுத்தது மருத்துவர்.

கேள்வி (காங்கேயம், சினை ஊசி போடுபவர்): வகுப்பு நடத்துவோம் என்கிறீர்கள். எங்களை உள்ளே விடுவீர்களா, அல்லது உங்கள் உறுப்பினர்களுக்கு மட்டுமா?

பதில்: எங்கள் தொழில்நுட்பக் கூட்டங்கள் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கானவை, அவற்றில் மாற்றம் இருக்காது. ஆனால் சினைப் பருவத்தைச் சரியாகக் கணித்தல், உறைவிந்துக் குச்சியை வெந்நீரில் உரிய வெப்பத்தில் இளக்குதல், தூய்மை, எந்த அறிகுறியைக் கண்டதும் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பவற்றைப் பற்றிய தனி வகுப்புக்கு நான் பொறுப்பேற்கிறேன். உங்கள் பயிற்சிச் சான்றின் நகலோடு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் பெயர் கொடுங்கள். இரவில் நீங்கள் போய்ப் பார்த்த மாடுகளின் விவரங்களையும் எழுதி எடுத்து வாருங்கள். எந்த ஊரில், எந்த நேரத்தில், எதற்காக அழைத்தார்கள் என்ற அந்தக் குறிப்பை இரவுப் பணிக்கான எங்கள் மனுவோடு இணைக்க விரும்புகிறேன்.