மூணு மாசத்துல ரெண்டு தடவை கண்ணாடி பவர் மாறுதுன்னா

மூணாவது கண்ணாடிக்கு இப்பவே காசு கட்டாதீங்க. சர்க்கரை உள்ள அம்மாவுக்கு மூணு மாசத்துல ரெண்டு தடவை பவர் மாறினதுக்குக் கடைக்காரர் தப்பாப் பார்த்ததைவிட, சர்க்கரை ஏறி இறங்குறதுதான் காரணமா இருக்கும். சர்க்கரை கூடினா கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் வீங்கி பவர் நகரும்.

1. வெறும் வயித்துச் சர்க்கரையோட ஹெச்பிஏ1சி-யும் (கடந்த ரெண்டு மூணு மாசச் சராசரி சர்க்கரையைக் காட்டுற ரத்தப் பரிசோதனை) எடுங்க.

2. கண் டாக்டர்கிட்ட சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்க. கடையில எழுத்துப் பலகை படிக்கிறது இதுக்கு ஈடாகாது. விழித்திரை கெட ஆரம்பிக்கும்போது வலிக்காது, பார்வையும் பெரும்பாலும் குறையாது. அதனாலதான் சர்க்கரைக்காரங்களுக்கு வருஷா வருஷம் இந்தப் பரிசோதனை.

கண்புரை ஆரம்பிச்சாலும் பவர் மாறும், அதையும் கேட்டுடுங்க. மருந்து விட்டா சில மணி நேரம் மங்கும், தனியா அனுப்பாதீங்க. திடீர்னு கறுப்புப் புள்ளி மிதந்தாலோ திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்னைக்கே போயிடுங்க.