பச்சைக்கல் எல்லாம் மரகதமா?

அம்பாசமுத்திரம் அக்கா: ஆச்சி மோதிரத்தில் இருக்கும் பச்சைக்கல் மரகதமா? என்ன விலை போகும்? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: படத்தைப் பார்த்து விலை சொல்கிறவரை நம்பாதீர்கள், அக்கா. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். உள்ளே பாசி படர்ந்த மாதிரி கோடும் வெடிப்பும் தெரிந்தால் நம்பிக்கை வைக்கலாம். மரகதம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் கண்ணாடி. பழைய நகையில் இன்னொரு சங்கதி உண்டு. கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும், உள்ளே பச்சைத் தகடு ஒளிந்திருக்கும். டவுன் ஆசாரி ஒருவர் என் கண்ணெதிரே கழற்றிய கல், வெளியே வந்ததும் தண்ணீராக வெளுத்துவிட்டது. விலைக்கு நிறம், தெளிவு, எடையோடு எண்ணெயும் கணக்கு. மரகதத்தின் வெடிப்பு தெரியாமலிருக்க எண்ணெய் ஏற்றுவது தொழிலில் வழக்கம். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஆய்வுக்கூடச் சான்றிதழில் பார்க்காமல் விலை பேசாதீர்கள். வெந்நீரில் போட்டுக் கழுவவும் வேண்டாம், எண்ணெய் இறங்கி வெடிப்பு வெள்ளையாகத் தெரியும்.

வள்ளியூர் தம்பி: தனிக்கல், அண்ணாச்சி. எடை 1.67 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 1.17. மரகதம்தானே?

பதில்: இப்படி அளந்து கொண்டுவந்தால் பேசலாம்! தண்ணீருக்குள் எடை 0.50 குறைந்திருக்கிறது. 1.67-ஐ அதால் வகுத்தால் 3.34. அதே அளவு தண்ணீரைவிடக் கல் அத்தனை மடங்கு கனம். மரகதம் 2.7 பக்கம் நிற்கும். உம்முடையது அநேகமாகப் பெரிடாட் என்கிற வேறொரு பச்சைக்கல். மேல்முகம் வழியாக லென்ஸில் அடிப்பக்க விளிம்புகளைப் பாரும். ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தால் பெரும்பாலும் அதேதான். 8.35 காரட் வருகிறது. மரகத விலையை மறந்துவிடும், ஆனால் கல் மோசமில்லை. இதற்கும் வெந்நீர் ஆகாது, புளி போட்டு விளக்கவும் கூடாது.

உவரியிலிருந்து: கடற்கரையில் கிடைத்தது. மங்கலான பச்சை, வழுவழுவென்று இருக்கிறது.

பதில்: சோடாப் பாட்டில் சில்லாக இருக்கும். அலை தேய்த்திருக்கிறது.

களக்காட்டிலிருந்து: புதன் திசைக்கு எத்தனை ரத்தி போடலாம்?

பதில்: ஜோசியரைக் கேளுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து: ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மரகதத்தை வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியாது. அதுவும் மரகதமேதான், விலைதான் வேறு. தராசுக்கு வித்தியாசம் தெரியாது.

தென்காசி மாமா: எதற்கு இவ்வளவு கணக்கு? பாலில் போடு. பால் பச்சையாகத் தெரிந்தால் அசல். எங்க தாத்தா காலத்துச் சோதனை.

பதில்: நேற்று ராத்திரி செய்து பார்த்தேன், மாமா. கிண்ணத்தில் கொஞ்சம் பால், அதில் பச்சைப் பாட்டில் சில்லு, மேலே டார்ச். பால் பச்சையாகத்தான் தெரிந்தது. அப்படியென்றால் சோடா கம்பெனிக்காரர் எல்லாம் கோடீஸ்வரர்.

தென்காசி மாமா: டார்ச் வெளிச்சம் ஏமாற்றும். வெயிலில் பார்க்கணும்.

பதில்: காலையில் மொட்டைமாடியிலும் பார்த்தாச்சு. அதே பச்சை. பச்சைக் கண்ணாடி எதுவானாலும் வெளிச்சத்தைப் பச்சையாகத்தான் விடும்.

சேரன்மாதேவி மதினி: எங்க ஊரில் பசும்பால்தான் சொல்வார்கள்.

தென்காசி மாமா: அதானே! பாக்கெட் பாலில் செய்திருப்பார்.

கடையத்திலிருந்து: என் கம்மல் படம். என்ன விலை?

பதில்: அம்பாசமுத்திரத்து அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆலங்குளத்திலிருந்து: மோதிரம், படம் இணைத்துள்ளேன். விலை?

பதில்: மேலே. வெந்நீர் வேண்டாம்.

தென்காசி மாமா: பசும்பாலில் பார்த்தீரா, இல்லையா?

பதில்: அதில் காப்பி போட்டுக் குடித்துவிட்டேன், மாமா. சில்லை எடுத்துவிட்டுத்தான்.